அதிபர் கையெழுத்துப் போட்டா போதாதா?

சான்றிதழுக்கு வெளிநாட்டு முத்திரை வாங்கித் தரும் தொழிலில் இருப்பவளுக்கு உலகத்தில் இரண்டே வகை நாடுகள்தான்: நம் வெளியுறவுத் துறை ஒட்டும் ஒரே ஸ்டிக்கரோடு சான்றிதழை ஒத்துக்கொள்கிற நாடு, அதற்கு மேலும் எம்பசி வாசல் வரை ஓடவிடுகிற நாடு.

முத்துப்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜவுளிக்கடை மாடியில் பதினோரு வருஷமாக இந்த அட்டெஸ்டேஷன் ஆபீஸை நடத்துகிறேன். ஒரு நாடு எந்த வகை என்பதை முடிவு செய்வது சர்வதேச உடன்படிக்கை. எந்த நாடு கையெழுத்துப் போட்டது, எது அதை உறுதி செய்தது, எந்தத் தேதியிலிருந்து அமலுக்கு வருகிறது என்பதெல்லாம் ஒரு பட்டியலாக இணையத்தில் இருக்கும். ஊரில் மற்றவர்கள் காலையில் மேட்டூர் அணை நீர்மட்டம் பார்ப்பார்கள், நான் இந்தப் பட்டியலைப் பார்ப்பேன். இத்தனைக்கும் அஞ்சல் வழியில் அரசியல் அறிவியல் எம்.ஏ. படித்தபோது, ‘உடன்படிக்கைகளை உறுதி செய்யும் அதிகாரம்’ என்ற பாடம் பரீட்சைக்கு வராது என்று விட்டுத் தள்ளியவள் நான்.

என்னோடு ஆபீஸில் இருப்பவர் ஜெய்லானி பாய். ரியாத்தில் இருபத்திரண்டு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கும் டெல்லிக்கும் போய்வருவது அவர் வேலை. தகப்பனார் பெயரில் ஒரு எழுத்து குறைந்ததற்காகக் கவுண்டரிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, வெயிலில் மறுபடி நோட்டரியைத் தேடிப் போன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்படியானால் நீங்கள் எங்கள் கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ராஜா சேர்ந்துவிட்டார்

சவூதி அரேபியா ஸ்டிக்கர் உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது என்ற செய்தி வந்த அன்று எங்கள் ஆபீஸில் கல்யாணக் களை. எங்களிடம் வரும் ஃபைல்களில் பாதிக்கு மேல் சவூதிக்குத்தான். ஜெய்லானி பாய் செய்தியை மூன்று தடவை படித்தார். அந்த எம்பசி வாசலில் தான் நின்ற நாட்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு பிள்ளையைப் படிக்க வைத்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே, கீழே போய் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் நான் கதவைத் திறக்க வரும்போது மாடிப்படியில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் ஆள் ஹார்டுவேர் கடை ஹாஜியார். மருமகன் இன்ஜினீயர், சவூதியில் வேலை கிடைத்திருந்தது. இனி எம்பசியே கிடையாது, ஸ்டிக்கரை மட்டும் ஒட்டி வாங்கிக் கொடு என்றார். சேருகிற பத்திரத்தை அவர்கள் கொடுத்துவிட்டது உண்மைதான், ஆனால் அது அமலுக்கு வரச் சில மாதம் ஆகும், அதுவரை பழைய வழிதான் என்று நான் சொன்னேன். அவர் நம்பவில்லை. ராஜா சொன்ன பிறகு மாதக்கணக்கில் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று கேட்டார். எந்த நாட்டுத் தலைவர் சேர்ந்தாலும் மற்ற நாடுகள் ஆட்சேபம் சொல்ல அவகாசம் கொடுத்தாக வேண்டும், அது உடன்படிக்கையிலேயே இருக்கிறது என்று திரையில் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். எழுந்து போகும்போது சொன்னார்:

“ராஜா ஒத்துக்கிட்டாரு, ராஜாவோட ஆபீசு இன்னும் ஒத்துக்கலைங்கிறே. சரிம்மா, ஆபீசு ஒத்துக்கிட்டதும் எனக்கு ஒரு போன் பண்ணு.”

பூ வைத்த மேஜை

கலைச்செல்வி வலங்கைமான்காரி. தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஏழு வருஷமாக ஐ.சி.யூ. நர்ஸ். ஆப்பிரிக்கக் கரையோரத்தில் ஒரு சின்ன நாட்டின் அரசு ஆஸ்பத்திரி வேலைக்கு நேர்முகம் முடித்திருந்தாள். நாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை, அவள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். குறுவை அறுவடை நேரத்தில் இரண்டு பஸ் மாறி என் ஆபீஸுக்கு வந்து போனை நீட்டினாள். அந்த நாட்டு அதிபர் டெல்லிக்கு வந்து, பூ வைத்த மேஜையில் உட்கார்ந்து நம் நாட்டோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிற வீடியோ. அந்த ஒப்பந்தத்தின்படி நம் நர்ஸுகளின் சான்றிதழுக்கு எம்பசி முத்திரை வேண்டாம், வெளியுறவுத் துறை ஸ்டிக்கர் போதும்.

எனக்குக் கையெல்லாம் பரபரத்தது. புதிதாக ஒரு நாட்டுக்கு வழி திறக்கிறதென்றால் என்னைப் போன்றவளுக்கு அது முதல் நாள் முதல் காட்சி பார்க்கிற மாதிரி. உடனே ஒப்பந்தத்தை இறக்கிப் படித்தேன். கடைசிப் பிரிவில் இருந்தது விஷயம்: இரண்டு நாடும் முறைப்படி உறுதி செய்து, அந்தப் பத்திரங்களை மாற்றிக்கொள்ளும் நாளில்தான் இது அமலுக்கு வரும். கையெழுத்து என்பது ‘செய்யலாம் என்று இருக்கிறோம்’ என்பது மட்டும்தான். நம் பக்கம் சீக்கிரம் முடியும். அவர்கள் அரசியல் சட்டப்படி செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழ வேண்டும், பிறகுதான் அதிபர் உறுதி செய்ய முடியும்.

இப்போதே எம்பசிக்குக் கொடுத்தால் அசல் சான்றிதழ் வாரக்கணக்கில் அங்கே மாட்டிக்கொள்ளும், வேலை உத்தரவும் இன்னும் வரவில்லை. அதனால் காத்திருக்கலாம், ஒப்பந்தம் அதற்குள் அமலுக்கு வந்துவிடும் என்று சொன்னேன். உற்சாகத்தில் சொன்னேன். அவள் போனைக் கைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னது:

“அவ்வளவு பெரிய அதிபர் நேர்ல வந்து போட்ட கையெழுத்தே போதாதுன்னா, மேடம், எங்க ஊர் வி.ஏ.ஓ. என்னை நாலு தடவை திருப்பி அனுப்பினது தப்பே இல்ல.”

கிரயமும் பட்டாவும்

கலைச்செல்வியின் கணவர் முருகேசன் அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். ஒரு நாள் அவள் சார்பில் விவரம் கேட்க வந்திருந்தார். அப்போது மகளின் பிறப்புச் சான்றிதழை அமெரிக்காவுக்கு அனுப்புவதற்காக கோபாலகிருஷ்ணன் சாரும் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற துணைத் தாசில்தார். ஒரு காலத்தில் அவர் குடும்பத்துக்கு நிலம் ஏராளம், இப்போது தஞ்சாவூரில் ஒரு ஃபிளாட். நம் பக்கத்தில் ஜனாதிபதி பெயரில் உறுதிப் பத்திரம் போனால் போதும், நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு வேண்டாம் என்று நான் முருகேசனிடம் சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்துவிட்டது. அது எப்படி, இவ்வளவு பெரிய ஜனநாயகத்தில் ஓட்டில்லாமல் அந்நிய நாட்டுக்கு வாக்குக் கொடுப்பார்களா என்று பிடித்துக்கொண்டார்.

நானும் விடவில்லை. இங்கே உடன்படிக்கை செய்வது அரசு நிர்வாகத்தின் அதிகாரம். அமைச்சரவை முடிவு செய்யும், பத்திரம் ஜனாதிபதி பெயரில் போகும், அதற்காக உள்நாட்டுச் சட்டத்தை மாற்ற வேண்டியிருந்தால்தான் நாடாளுமன்றம். உங்கள் மகள் இருக்கிற அமெரிக்காவில் வேறு மாதிரி, அதிபர் செய்கிற உடன்படிக்கைக்கு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் வேண்டும் என்றேன். சம்மதம் கிடைத்த பிறகும் உறுதி செய்வதும் செய்யாமல் கிடப்பில் போடுவதும் அந்த அதிபர் இஷ்டம் என்றும் சொன்னேன். அவர் வேகமாக எழுந்து போய்விட்டார். ஒரு வாடிக்கையாளர் போச்சு என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள், அரசியல் சட்டப் புத்தகத்தில் நாலைந்து இடத்தில் காகிதம் செருகிக்கொண்டு வந்தார். என் மேஜையைத் தாண்டிப் போனார். மறுபடி விவரம் கேட்க வந்திருந்த முருகேசன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தோளில் கைவைத்துச் சொன்னார்:

“தம்பி, அந்தம்மா சொன்னது சரிதான். கையெழுத்துங்கிறது கிரயம். உறுதி செய்றதுங்கிறது பட்டா மாத்துறது. கிரயம் பண்ணிட்டுப் பட்டா மாத்தாம எத்தனை பேர் உழுதுக்கிட்டு இருக்கான்னு எனக்குத் தெரியும்.”

மெஷினிலிருந்து ஒரு மனு

பட்டா என்றதும் முருகேசனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பட்டா மாற வேண்டுமென்றால் மனு கொடுக்க வேண்டும். யாருக்கு என்பதும் தெரிந்துவிட்டது. ஜனாதிபதிக்கே இரண்டு பக்கம் தமிழில் எழுதி, இங்கிலீஷில் மாற்றித் தரச் சொல்லிக் கொண்டுவந்தார். தன் மனைவி மூச்சு திணறுகிற நோயாளிகளின் தலைமாட்டில் ஏழு வருஷமாக நிற்பவள், பிள்ளையின் பள்ளிக்கூட விழா ஒன்றுக்குக்கூட வர முடியாதவள், அவள் எந்தச் சலுகையும் கேட்கவில்லை, படித்த படிப்பை ஒரு நாடு ஒத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் கேட்கிறாள் என்று எழுதியிருந்தார். எத்தனையோ சான்றிதழை மொழிபெயர்த்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் ஒரு வரியை நான்கு தடவை அடித்து எழுதினேன்.

வலங்கைமானிலிருந்து பதிவுத் தபாலில் மனு போனது. சில வாரங்களில் நம் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து, நம் நாடு ஒப்பந்தத்தை உறுதி செய்துவிட்டதாகச் செய்தி வந்தது. அந்தக் கோப்பு தன் பாட்டுக்கு நகர்ந்துகொண்டுதான் இருந்திருக்கும், எனக்குத் தெரியும். ஆனாலும் செய்தியைப் பார்த்ததும் நான்தான் முதலில் முருகேசனுக்குப் போன் செய்தேன். ஏதோ வயலில் மெஷினை நிறுத்திவிட்டு, சட்டையில் தூசியும் தும்புமாக மோட்டார் சைக்கிளில் அத்தனை தூரம் வந்தார். திரையில் இருந்த செய்தியை அவரே ஒரு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு சொன்னார்:

“நம்ம பக்கம் முடிஞ்சுது மேடம். இனிமே அந்த ஊர்லயும் யாராவது ஒருத்தர் உட்கார்ந்து மனு எழுதணும்.”

பதினாறு ஓட்டு

தை மாதக் கடைசியில் வேலை உத்தரவு வந்தது. மாசிக் கடைசிக்குள் சேர வேண்டும், சான்றிதழில் எம்பசி முத்திரை இருக்க வேண்டும், அல்லது ஒப்பந்தம் அமலுக்கு வந்திருந்தால் ஸ்டிக்கர் போதும் என்று எழுதியிருந்தது. அதே வாரம் அவர்கள் செனட்டில் ஓட்டெடுப்பு. மொத்தம் இருபத்து நான்கு பேர், பதினாறு ஓட்டு வேண்டும். நமக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு நேரடி ஒளிபரப்பு. கலைச்செல்வி லீவு போட்டுவிட்டுச் சாப்பாட்டு டப்பாவோடு வந்துவிட்டாள். முருகேசன், ஜெய்லானி பாய், நான். கீழே ஜவுளிக்கடையில் துணி எடுக்க வந்த இரண்டு பெண்கள்கூட என்ன மேட்ச் என்று கேட்டுக்கொண்டே மேலே வந்து நின்றுவிட்டார்கள்.

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். பாய் ஒரு விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். ஐந்து, எட்டு, பதினொன்று. பதின்மூன்றுக்குப் பிறகு நானும் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். இருபத்து மூன்று பேர் முடிந்தபோது பதினைந்து கோடு. கடைசி ஆள் ஒரு டாக்டர், எதிர்க்கட்சிக்காரர். அவர் எழுந்து இந்திய நர்ஸுகளைப் பற்றிப் பத்து நிமிஷம் புகழ்ந்தார். தன் சொந்த வார்டே அவர்களால்தான் நடக்கிறது என்றார். கலைச்செல்வி முருகேசனின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு டாக்டர் சொன்னார், செனட்டைக் கேட்காமல் ஒரு நாட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்து இங்கே முத்திரை குத்தச் சொல்கிற அதிபருக்கு நான் துணை போகமாட்டேன். இல்லை என்று ஓட்டுப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

துணி எடுக்க வந்த பெண்கள் சத்தமில்லாமல் இறங்கிப் போனார்கள். திறக்காத சாப்பாட்டு டப்பாவைக் கலைச்செல்வி மறுபடி பையில் வைத்தாள். காத்திருக்கலாம் என்று சொன்னவள் நான், அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பாய் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்:

“கோபம் நர்ஸ் மேல இல்ல தங்கச்சி, அதிபர் மேல. அடி மட்டும் நர்ஸுக்கு.”

அதிபரின் குறுக்கு வழி

இரண்டே நாளில் கதை திரும்பியது. அந்த அதிபர் தொலைக்காட்சியில் தோன்றி, இது உடன்படிக்கையே இல்லை, வெறும் நிர்வாக ஒப்பந்தம், இதற்கு செனட் தேவையில்லை, என் அதிகாரத்திலேயே இன்றிலிருந்து அமலுக்குக் கொண்டுவருகிறேன் என்று அறிவித்துவிட்டார். சென்னை ஏஜெண்டுகளின் வாட்ஸாப் குழுவில் ஒரே கொண்டாட்டம். ஸ்டிக்கர் போதும், ஃபைலை அனுப்புங்கள் என்று ஆளுக்கொரு செய்தி. கலைச்செல்விக்கு மீதி இருந்தது இருபத்தாறு நாள். ஸ்டிக்கர் வழி என்றால் நிம்மதியாக முடியும். எம்பசி வழி என்றால் முடியலாம், முடியாமலும் போகலாம்.

நான் அந்த நாட்டு அரசியல் சட்டத்தை அன்று முழுக்க உட்கார்ந்து படித்தேன். சின்னச் சின்ன அலுவல் ஒப்பந்தங்களை அதிபர் தனியாகச் செய்யலாம். ஆனால் உள்நாட்டுச் சட்டத்தைத் தொடுகிற எதற்கும் செனட் சம்மதம் வேண்டும் என்று இருந்தது. வெளிநாட்டுச் சான்றிதழுக்கு எம்பசி முத்திரை வேண்டும் என்பது அவர்களின் நர்ஸிங் சட்டத்திலேயே இருக்கிறது. அப்படியானால் அதிபரின் அறிவிப்பு கோர்ட்டுக்குப் போனால் நிற்காது. நின்றுவிட்டால்? நான் அஞ்சல் வழி எம்.ஏ., அவர் ஒரு நாட்டின் அதிபர். என் பேச்சைக் கேட்டு எம்பசிக்குப் போய்த் தேதி தவறினால் வேலை போகும். அவர் பேச்சைக் கேட்டுப் போய்க் கோர்ட் தடுத்தால், கடல் தாண்டிய ஊரில் லைசென்ஸ் இல்லாமல் நிற்பாள்.

கலைச்செல்வியையும் முருகேசனையும் வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். முன்பு காத்திருக்கச் சொன்னது என் தப்பு என்பதையும் சொன்னேன். உங்கள் சான்றிதழாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்டாள். எம்பசிக்குத்தான் போவேன் என்றேன். கலைச்செல்வி சொன்னாள்:

“டாக்டர் போற போக்குல வாயால சொன்ன மருந்தை நான் ஐ.சி.யூ.ல குடுக்க மாட்டேன் மேடம். சீட்டுல எழுதினாத்தான் குடுப்பேன். எம்பசிக்கே போங்க.”

டெல்லியில் ஜெய்லானி பாய்

பாய் அன்றே சென்னைக்குக் கிளம்பினார். மாநில அரசு முத்திரை, வெளியுறவுத் துறை முத்திரை எல்லாம் முடிந்து டெல்லி எம்பசி வாசலில் அவர் நின்றபோது பதினான்கு நாள் பாக்கி. கவுண்டரில் இருந்தவர் ஃபைலைத் திறந்துகூடப் பார்க்கவில்லையாம். அதிபர் அறிவித்த பிறகு நர்ஸிங் சான்றிதழுக்கு நாங்கள் முத்திரை போடுவதில்லை, தேவையே இல்லை, சந்தோஷமாகப் போங்கள் என்று சொல்லிவிட்டார். பாய் போனில் இதைச் சொல்லும்போதே நான் அந்த நர்ஸிங் சட்டத்தை மறுபடி திறந்தேன். நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த வழியை அதே அதிபரின் அறிவிப்பு அடைத்துக்கொண்டு நிற்கிறது.

ஒரு மணி நேரத்தில் ஒரு கடிதம் தயார் செய்து அனுப்பினேன். உங்கள் நர்ஸிங் சட்டம் இன்றைய தேதியில் மாற்றப்படவில்லை, அந்தச் சட்டப்படி நாங்கள் கேட்கும் முத்திரையை மறுக்கும்படி உங்கள் அறிவிப்பில் எங்கும் சொல்லவில்லை, கூடுதலாக ஒரு முத்திரை இருப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை என்று மூன்றே பத்தி. பாய் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மூன்று நாள் அந்த வரவேற்பறையில் உட்கார்ந்தார். தொழுகைக்கு எழுந்து போவார், மறுபடி அதே நாற்காலிக்கு வருவார். மூன்றாம் நாள் மேலதிகாரி ஓர் அம்மா வெளியே வந்து கடிதத்தை வாங்கிப் படித்தார். உள்ளே போனார். அரை மணி கழித்து நீல மையில் முத்திரையோடு ஃபைல் வந்தது.

முத்திரையின் படம் போனில் வந்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். அப்படியே கலைச்செல்விக்கு அனுப்பினேன். பாய் ரயிலில் ஏறிய பிறகு போன் செய்தார்:

“கடைசியா அந்தம்மா, இதை எழுதின லாயர் யாருன்னு கேட்டாங்க தங்கச்சி. முத்துப்பேட்டைல ஜவுளிக்கடை மாடில இருக்காங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.”

இரண்டு வார்டு, ஒரு நர்ஸ்

தேதிக்கு நான்கு நாள் முன்னால் கலைச்செல்வி வேலையில் சேர்ந்தாள். அதற்குப் பிறகு சில வாரம் அந்த நாட்டுச் செய்திகளைத்தான் எங்கள் ஆபீஸில் பார்த்தோம். எதிர்க்கட்சி கோர்ட்டுக்குப் போயிருந்தது. ஒரு நாள் காலை தீர்ப்பு வந்தது: பெயரை மாற்றி வைப்பதால் உடன்படிக்கை வேறொன்றாக ஆகிவிடாது, செனட் சம்மதமில்லாமல் அதிபர் இதை அமல்படுத்தியது செல்லாது. அந்த ஒரு வரியைப் படித்ததும் நான் மேஜையைத் தட்டினேன். மேஜை மேலிருந்த டீ கொட்டியது. அதைத் துடைத்துக்கொண்டே பாய் சிரித்தார்.

கலைச்செல்வியும் அப்படித்தான் குதித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துப் போன் செய்தேன். அவள் குரல் களைத்துப் போயிருந்தது. ஸ்டிக்கரை மட்டும் நம்பி வந்த நர்ஸுகளை வார்டிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். அவளோடு தங்கியிருந்த இரண்டு மலையாளிப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். எம்பசி முத்திரை கொண்டுவந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வதாக ஆஸ்பத்திரி சொல்லியிருந்தது. அவர்களின் சான்றிதழ்களைக் கூரியரில் அனுப்பச் சொன்னோம். பாய் அடுத்த டெல்லி ரயிலுக்கு டிக்கெட் போட்டார். எனக்குச் சற்றுமுன் இருந்த வெற்றிக் களிப்பு மாறிவிட்டது. ஆனால் வேகம் குறையவில்லை, கடிதம் ஏற்கெனவே தயாராக இருந்தது, பெயரை மாற்றினால் போதும். ஒவ்வொரு நாளும் எவ்வளவு முடிந்தது என்று கலைச்செல்வி விசாரிப்பாள். ஒரு நாள் சொன்னாள்:

“எனக்கு வேலை நிலைச்சுது மேடம், சந்தோஷம். ஆனா ரெண்டு வார்டை நான் ஒருத்தியாப் பாத்துக்கிட்டு இருக்கேன். இவங்க பேப்பரைச் சீக்கிரம் முடிங்க, கால் வலிக்குது.”

நாலு நாளா?

தீர்ப்புக்குப் பிறகு அதிபர் இறங்கி வந்தார். செனட்டுக்குத் தானே போய், உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, அவர்கள் சொன்ன இரண்டு திருத்தங்களை நம் நாட்டிடமும் கேட்டு ஒப்புக்கொள்ள வைத்தார். இரண்டாவது ஓட்டெடுப்பில் பத்தொன்பது. பத்திரங்களை மாற்றிக்கொண்டார்கள், தேதி குறித்தார்கள், ஒப்பந்தம் உண்மையாகவே அமலுக்கு வந்தது. வெளியுறவுத் துறையின் ஒப்பந்தப் பட்டியலில் ‘அமலில் உள்ளது’ என்ற சொல்லைப் பார்த்த காலையில், ஒரு பெயருக்கு நேரே இருக்கும் ஒரு சொல்லுக்கு எத்தனை பேருடைய கால் வலி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வழியில் எங்களிடம் வந்த முதல் ஆள் திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு நர்ஸ். கலைச்செல்வி சொல்லி அனுப்பிய பெண். எம்பசி இல்லை, டெல்லிப் பயணம் இல்லை, கோர்ட் இல்லை, செனட் இல்லை. நான்காம் நாள் ஸ்டிக்கரோடு சான்றிதழ் தயார். நானும் பாயும் அதை ஏதோ வெற்றிக் கோப்பையைக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டினோம். அவள் திருப்பிப் பார்த்தாள், முன்பக்கம் பார்த்தாள், கொஞ்சம் சலிப்போடு கேட்டாள்:

“நாலு நாளா மேடம்? ஒரு ஸ்டிக்கர் ஒட்டத்தானே?”

ஒவ்வொரு நாடும் ஓர் உடன்படிக்கையை உறுதி செய்யும்போதும் எங்கள் தொழிலில் ஒரு துண்டு காணாமல் போகிறது, அந்தச் செய்திக்காக உலகத்திலேயே ஆவலாகக் காத்திருக்கிறவர்கள் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம்.